மாசுற்ற நிலமும் வீடமைப்பும்: மேற்பார்வை பற்றிய சில குறிப்புகள்

நிலத்தை இயற்கையின் கொடையென மட்டும் நோக்குதல் பொருந்தாது. ஒவ்வொரு காணித்துண்டும் தன்மீது நிகழ்ந்த உழைப்பினதும் உற்பத்தியினதும் வரலாற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. கைத்தொழிலும் யுத்தமும் விட்டுச்சென்ற நஞ்சும் அவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும். அத்தகைய நிலம் வீடமைப்புக்கென ஒதுக்கப்படும்போது, அது துப்புரவாகிவிட்டது என்று கூறுபவர் யார், அக்கூற்றைச் சரிபார்ப்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றினும், இவை அடிப்படையிற் சமூக உறவுகள் பற்றியனவே. ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஹண்டர்ஸ் பொயின்ற் கப்பற்றளத்தின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர் பலர் இத்தளத்தில் வேலை பெற்று அயலிலேயே குடியேறினர். 1946இல் பிக்கினித் தீவில் நடைபெற்ற அணுகுண்டுப் பரிசோதனைகளுக்குட்பட்ட கப்பல்கள் இங்கு கொண்டுவரப்பட்டுக் கழுவிச் சுரண்டப்பட்டன. கடற்படையின் கதிரியக்க ஆய்வுகூடமொன்றும் 1969 வரை இங்கு இயங்கியது. 1974இல் தளம் மூடப்பட்டது. வேலை போயிற்று, நஞ்சு நின்றது. மண்ணில் றேடியம், சீசியம் முதலிய கதிரியக்கப் பொருள்களும் பிற இரசாயனக் கழிவுகளும் தங்கின. 1989இல் இந்நிலம், சமஷ்டி அரசாங்கத்தின் முன்னுரிமைச் சுத்திகரிப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

அப்பட்டியலுக்கு ஆதாரமான சட்டம் 1980இல் இயற்றப்பட்டது. மாசுபடுத்தியவரே சுத்திகரிப்புச் செலவை ஏற்கவேண்டும் என்பது அதன் கோட்பாடு. கோட்பாடு நியாயமானதே. ஆயின் இராணுவ நிலங்களிற் சுத்திகரிப்பை முன்னின்று நடத்தும் பொறுப்பும் இராணுவத்துறையிடமே விடப்பட்டுள்ளது. சுற்றாடற் பாதுகாப்பு முகவரகமும் மாநில அதிகாரிகளும் அதனை மேற்பார்வை செய்வர். கடற்படை வேலையை ஒப்பந்தக்காரருக்கு அளிக்கும். மண் மாதிரிகளை எடுப்போர் ஒப்பந்தக்காரரின் ஊழியர். மேற்பார்வையாளர் பெரும்பாலும் காண்பது அம்மாதிரிகள் பற்றிய அறிக்கைகளையே. எனவே மேற்பார்வை முழுவதும் மண்வெட்டியைப் பிடித்திருப்பவரின் நேர்மையிலே தங்கிவிடுகின்றது.

இதன் விளைவு விரைவிலேயே புலனாயிற்று. டெற்றா ரெக் என்னும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் இருவர், மாசுற்ற இடங்களிலிருந்து எடுக்கவேண்டிய மண்ணுக்குப் பதிலாகத் துப்புரவான மண்ணை வைத்துப் பதிவேடுகளைப் பொய்யாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2018இல் எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். முன்னாள் தொழிலாளர் சிலரே இம்மோசடியை வெளிப்படுத்துவதில் முன்னின்றனர் என்பது கருதத்தக்கது. 2017இன் இறுதியிற் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் பழைய பதிவுகளை மீளாராய்ந்தது. 'ஜி' எனக் குறிக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ அரைவாசி அலகுகளையே மீளச் சோதிக்கவேண்டுமெனக் கடற்படை கூறியிருக்க, முகவரகமோ 97 சதவீதமானவை ஐயத்துக்குரியன எனக் கண்டது. அதே தரவுகளை ஆராய்ந்த இரு அரச நிறுவனங்கள் இத்துணை வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தமை, பொறுப்பாளியே தனது வேலையை அளவிடும் முறையின் குறைபாட்டைப் புலப்படுத்துகின்றது.

இம்மோசடியை இரு தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக மட்டும் விளக்குவது போதாது. நிலம் விரைவாகக் கைமாறவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் பின்னணியில் இருந்தது. 2004இலேயே ஒரு பகுதி நகரத்துக்குக் கையளிக்கப்பட்டு வீடமைப்புக்கு வழிவிடப்பட்டது. 2010இல் நகரம் அங்கீகரித்த திட்டம், அயலிலுள்ள கான்டில்ஸ்டிக் பகுதியையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கருதியது. நிலத்தின் பரிவர்த்தனைப் பெறுமதி, துப்புரவுச் சான்றிதழ் கிடைத்த அன்றே உயர்ந்துவிடும். அதன் பயன்பாட்டுப் பெறுமதியோ அங்கு குழந்தைகள் பல்லாண்டு வாழ்ந்த பின்னரே சோதிக்கப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தின் ஆபத்தைச் சுமப்பவர் குடியிருப்போரே.

அவர்களுடைய குரல் எவ்வாறு நடத்தப்பட்டது? நிலம் மிக உயர்ந்த தரத்திற்குச் சுத்திகரிக்கப்பட வேண்டுமென 2000ஆம் ஆண்டில் நகர வாக்காளரின் மிகப் பெரும்பான்மையினர் வாக்களித்தனர். அவ்வாக்கு கடற்படையைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அயலவர் பங்குபற்றிய ஆலோசனைச் சபையைக் கடற்படை 2009இற் கலைத்தது. ஆலோசனை கூறும் உரிமை, முடிவெடுக்கும் அதிகாரமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளை நாம் பெறலாம். மாதிரி எடுப்பவரின் ஊதியம், துப்புரவுக்குப் பொறுப்பானவரின் கையிலிருந்து வருதலாகாது. மூலத் தரவுகள் தொகுப்பறிக்கைகளுக்குள் மறையாது பொதுமக்களுக்குக் கிடைத்தல் வேண்டும். உண்மையுரைக்கும் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும். யாவற்றிலும் மேலாக, நிலம் கையளிக்கப்படுவதைத் தடுத்துநிறுத்தும் அதிகாரம் அங்கு வாழ்வோருக்கு இருத்தல் வேண்டும். இவையின்றி நடைபெறும் மேற்பார்வை, மண்ணைப் பாராது கடதாசியைப் பார்ப்பதாகவே முடியும்.