முகவர் யாருடைய ஆள்?

பணி ஓய்வுக்குப் பிறகு தனியாகப் பயணம் செய்யும் முதியவர்களை இப்போது பரவலாகக் காண முடிகிறது. வாழ்க்கைத் துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் அயல்நாட்டில் குடியேறிவிட்டவர்கள், உடன்வர ஆளில்லை என்பதற்காகக் காசியையும் காஷ்மீரையும் பார்க்காமலிருக்க விரும்பாதவர்கள் என இவர்கள் பலதரப்பட்டவர்கள். தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. இந்த விகிதம் இனியும் உயரும்.

இவர்களில் பலர் பயண முகவர்களையே நாடுகின்றனர். நான் வசிக்கும் அசோக் நகரில், நூறடி சாலையிலும் அதையொட்டிய தெருக்களிலும் 'டிராவல்ஸ்' பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுத்துவிடலாமே, முகவர் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கின்றனர். சீட்டு எடுப்பது முகவரின் பணியில் சிறு பகுதிதான். நள்ளிரவில் விமானம் ரத்தானால் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உறுதியே அவர் விற்கும் உண்மையான சரக்கு. இருவராகச் செல்வோரில் ஒருவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் சென்று விசாரிக்கலாம். தனியே செல்லும் எழுபது வயதுக்காரருக்கு அந்த இரண்டாவது ஆள் முகவர்தான்.

அந்த இரண்டாவது ஆள் யாருக்காக உழைக்கிறார் என்பதே கேள்வி. ஒருவருக்காகச் செயல்படுபவரின் வருவாய் வேறொருவரிடமிருந்து வருமானால், அவருடைய நாட்டமும் மெல்ல அந்தப் பக்கம் சாயும். பொருளியலில் இதை 'முதன்மையர் - முகவர் சிக்கல்' என்பர். இந்தியாவில் 2008-ஆம் ஆண்டில் முன்னணி விமான நிறுவனங்கள் முகவர்களுக்கு அளித்துவந்த தரகை நிறுத்த முற்பட்டன. விமானச் சீட்டில் குறைந்த வருவாயை விடுதி, தொகுப்புச் சுற்றுலா, காப்பீடு ஆகியவற்றில் தேட வேண்டிய நிலை முகவர்களுக்கு ஏற்பட்டது. அதிகத் தரகு தரும் விடுதியே 'நல்ல விடுதி'யாகப் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பு இங்குதான் பிறக்கிறது. இதைத் தனிமனிதரின் நேர்மைக் குறைவு என்று கொள்வதைவிட, வருவாய் வரும் வழியின் கோளாறு என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கான தீர்வு எளியது. 'உங்கள் சேவைக் கட்டணம் எவ்வளவு?' என்று கேட்டு, அதை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவதே நல்லது. 'கட்டணமே இல்லை' என்று முகவர் சொன்னால், அவருக்கு வேறெங்கிருந்தோ பணம் வருகிறது என்று பொருள்.

தனிப்பயணி அடுத்து கவனிக்க வேண்டியது விலைப்பட்டியல். சுற்றுலா விளம்பரங்களில் 'ஒரு நபருக்கு' என்று காணும் தொகை, பெரும்பாலும் இருவர் ஓர் அறையைப் பகிர்வதாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு ரூ.4,000 வாடகையுள்ள அறையில் ஐந்து இரவுகள் தங்கினால், இருவராகச் செல்வோருக்குத் தலைக்கு ரூ.10,000, தனியாகச் செல்பவருக்கு ரூ.20,000. இந்தக் கூடுதல் ரூ.10,000 நியாயமானதே. அதற்கு மேலும் கேட்டால், எதற்கென்று பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

ரயில் பயணத்தில் தனிமை ஒரு சலுகையையும் தருகிறது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைகள் தனி ஒதுக்கீடாக உள்ளன. ஆனால், அத்தகுதி உடையவர் தனியாகவோ, அதே தகுதி உடைய இருவராகவோ ஒரே சீட்டில் பயணம் செய்தால் மட்டுமே இந்த ஒதுக்கீடு பொருந்தும். ஆறு பேரை ஒரே சீட்டில் சேர்த்துக் குழுவாக முன்பதிவு செய்தால் இது கைநழுவிப்போகும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், இந்த ஒதுக்கீட்டையாவது இழக்கக் கூடாது. எனவே, சீட்டைத் தனியாக எடுக்குமாறு முகவரிடம் சொல்வது அவசியம்.

அதேபோல, 2025 ஜூலை முதல் தட்கல் முன்பதிவு தொடங்கும் முதல் அரை மணி நேரத்தில் முகவர்கள் சீட்டு எடுக்க அனுமதி இல்லை. 'தட்கல் நிச்சயம்' என்று உறுதியளிப்பவர் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்போகிறார் என்று கேட்க வேண்டும். அங்கீகாரமின்றிச் சீட்டு வாங்கி விற்பது ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி குற்றம்.

பணம் திரும்பப் பெறுவதில்தான் முதியவர்கள் பெரிதும் அல்லல்படுகின்றனர். பிரிட்டனில் 178 ஆண்டு வரலாறு கொண்ட தாமஸ் குக் நிறுவனம் 2019 செப்டம்பரில் வீழ்ந்தது. (இந்தியாவில் அப்பெயரில் இயங்குவது தனி நிறுவனம்.) அயல்நாடுகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான பயணிகளை அந்நாட்டு அரசு அழைத்து வந்தது. விமானத்துடன் கூடிய தொகுப்புப் பயணத்துக்குப் பயணி ஒருவருக்கு 2.50 பவுண்டு வீதம் சேரும் பாதுகாப்பு நிதி அங்கு இருந்ததால், அத்தகைய பயணங்களுக்கு முன்பணம் கட்டியவர்களுக்கும் இழப்பு ஏற்படவில்லை.

நம் நாட்டில் அத்தகைய நிதி இல்லை. பொதுமுடக்கக் காலத்தில் ரத்தான விமானப் பயணங்கள் குறித்த வழக்கில், முகவர் வழியாக எடுத்த சீட்டுக்கான பணத்தை விமான நிறுவனம் திருப்பியதும், முகவர் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உத்தரவிட்டது. பணம் இடையில் ஒரு கையில் தங்கும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆகவே, முன்பணம் கட்டும் முன் சிலவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. எந்த நாளில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? எத்தனை நாளில் திரும்பும்? ரயில் நிலையத்தில் யார் வந்து அழைத்துச் செல்வார்? இரவில் அழைக்க வேண்டிய எண் எது? முன்பதிவில் நம் கைப்பேசி எண்ணே இடம்பெற வேண்டும்; இல்லையேல், நேரமாற்றச் செய்தி முகவரோடு நின்றுவிடும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றை மறைத்து எடுக்கும் காப்பீடு, தேவைப்படும் நாளில் கைகொடுக்காமல் போகலாம். எனவே அந்தப் படிவத்தை நாமே படித்து நிரப்ப வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி, ரசீது பெறுவது நலம்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை எனில், அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

'இந்த வயதில் தனியாகவா?' என்று உறவினர்கள் தயங்குவது அக்கறையால்தான். அந்த அக்கறைக்கு ஏற்ற பதில், பயணத்தைக் கைவிடுவதாக இருக்கக் கூடாது. எழுத்தில் உள்ள உறுதிமொழி, கையில் ரசீது, அழைத்தால் பதில் சொல்லும் ஒரு முகவர் ஆகியவை இருந்தால் தனிப்பயணம் துணிச்சல் செயலாகத் தோன்றாது. நல்ல முகவருக்கு உரிய கட்டணத்தைத் தயங்காமல் கொடுப்போம். அவர் நம்முடைய ஆளாகவே இருக்க வேண்டும் என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).