அணில் இருந்த இடத்தில் எண்

1930களில் ஜெர்மனியில் செய்யப்பட்ட சிறுவர் கத்தி ஒன்று கைக்கு வந்தால், சேகரிப்பவர் உறையை உருவியதும் பார்ப்பது அலகின் அடியைத்தான். பிடியை ஒட்டி, கூர் தொடங்குவதற்கு முன் விரல்நுனி அகலத்தில் தட்டையான ஓர் இடம் உண்டு. செய்தவர் யார், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதை அந்த இடம் சொல்லிவிடும். 1933இல் அங்கே ஓர் அணில் இருந்தது; அது ஐக்ஹார்ன் பட்டறையின் முத்திரை. கிளாஸ் குடும்பத்தின் கத்தி என்றால் அலகு கோத்த இரு கொக்குகள். ஹொல்லர் என்றால் ஒரு வெப்பமானி. சில ஆண்டுகள் கழித்துச் செய்த கத்தியில் அதே இடத்தில் ‘எம் 7/66’ என்று ஓர் எண் மட்டும் நிற்கிறது. அணிலும் அந்த எண்ணும் ஒரே பட்டறையைத்தான் குறிக்கின்றன.

இந்தக் கத்திகள் பிறந்த ஊர் ஸோலிங்கன். அங்கே கத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் படத்தில் கையொப்பம் இட்டு வந்தவர்கள். பீட்டர் ஹென்கெல்ஸ் தம் இரட்டையர் முத்திரையைக் கத்திக்கொல்லர் சங்கத்தில் பதிந்தது 1731இல். வுப்பர் ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரம் சுழற்றிய சாணைப் பட்டறைகளில் கல்தூசி நுரையீரலில் படிந்து, சாணைக்காரர்கள் பலர் முதுமையைக் காணாமலே இறந்தார்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் அப்படிப்பட்ட உழைப்பு இருந்தது. அந்தப் பட்டறைகளில் ஒன்றான பால்க்ஹவுஸர் கோட்டன் இன்று அருங்காட்சியகம். உயிரைக் குடித்த தூசி ஒழிந்தது நல்லதே. தூசியோடு, கல்லில் அலகு உரசும் ஓசையைக் கேட்டே கோணத்தைத் திருத்திக்கொண்ட கைகளும் போய்விட்டன என்பதுதான் வருத்தம்.

1901இல் பெர்லினை அடுத்த ஷ்டெக்லிட்ஸில் வாண்டர்ஃபோகல் இயக்கம் தொடங்கியபோது, காடுமேடு சுற்றக் கிளம்பிய பையன்களுக்கென்று ஒரே மாதிரிக் கத்தி கிடையாது. மான்கொம்புப் பிடியுள்ள வேட்டைக் கத்தியோ, வீட்டில் கிடந்த ஏதோ ஒன்றோ, அவரவருக்குக் கிடைத்தது இடுப்பில் தொங்கியது. ரொட்டி அறுக்கவும் குச்சி சீவவும் அது போதும். அந்தக் காலக் கத்திகளுக்கு ஆண்டு கணிப்பது கடினம். முத்திரையையும் பிடியின் வேலைப்பாட்டையும் பார்த்து ஒரு பத்தாண்டுக்குள் சொல்ல முடிந்தால் அதுவே அதிகம். அந்தக் கடினம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கத்தியும் ஒரு பையனின் கத்தியாக இருந்ததன் அடையாளம் அது.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933க்குப் பின் கணிப்பு எளிதாகிறது. மற்ற இளைஞர் அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. 1932 இறுதியில் சுமார் 1 லட்சம் பேர் இருந்த ஹிட்லர் இளைஞர் அணியில், 1939 தொடக்கத்தில், சிறுமியரையும் சேர்த்து, சுமார் 87 லட்சம் பேர். பத்து வயதுப் பையன் 60 மீட்டரை 12 விநாடியில் ஓடி, 2.75 மீட்டர் நீளம் தாண்டி, பந்தை 25 மீட்டர் எறிந்து, நடைப்பயணம் போய், கட்சிப் பாடங்களை ஒப்பித்தால் கத்தி அணியும் உரிமை கிடைத்தது. துப்பாக்கிமுனைக் கத்தியைப் போன்ற தோற்றம், கட்டம் போட்ட கறுப்புப் பிடி, அதில் நாஜி ஸ்வஸ்திகா பதித்த சாய்சதுர எனாமல் வில்லை, கறுப்பு வர்ணம் பூசிய இரும்பு உறை: எல்லாருக்கும் ஒன்றே. முன்பு பையன் கத்தியைத் தேர்ந்தான். இப்போது கத்திக்காகப் பையன் தேறவேண்டியிருந்தது.

முத்திரை மாறியது 1936ஐ ஒட்டித்தான். கட்சியின் கொள்முதல், தரக்கட்டுப்பாட்டு அலுவலகமான ஆர்.இசட்.எம். ஒவ்வொரு பட்டறைக்கும் உரிமமும் எண்ணும் கொடுத்தது. ‘எம்’ என்றால் உலோகம். 7 என்றால் கத்தி, குத்துவாள் வகை. சாய்கோட்டுக்குப் பின் வருவது பட்டறையின் எண். 36 ஹொர்ஸ்டர், 27 பூமா, 66 ஐக்ஹார்ன். படமும் எண்ணும் சேர்ந்து நிற்கும் அலகு மாற்றத்தின் நடுவில், 1936, 37 வாக்கில் பிறந்தது. அதன் பிறகு பெரும்பாலும் எண் மட்டும், பல அலகுகளில் ஆண்டும் சேர்ந்து. ‘குருதியும் மானமும்!’ என்ற கட்சி வாசகம் அலகில் இருந்தால் 1938க்குப் பிந்தையதல்ல என்று கொள்ளலாம். அந்த ஆண்டு அதைப் பொறிப்பதை நிறுத்தினார்கள். ஸோலிங்கன் என்ற பெயரை வேறெந்த ஊரின் கத்திக்கும் இடக்கூடாது என்று சட்டம் வந்ததும் அதே 1938இல். ஊரின் பெயருக்குக் காவல் கிடைத்த ஆண்டில், அந்த ஊர்க்காரர்களின் அணிலும் கொக்கும் இந்தக் கத்திகளிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தன.

போர் நெருங்க நெருங்க வேலைப்பாடு மெலிந்தது. தொடக்க காலக் கத்தியைக் கையில் எடுத்தால் மெருகும் பொருத்தமும் தெரியும். கடைசிக் காலத்ததில் அவசரம் தெரியும். 1942இல் உற்பத்தியே நின்றது. 1944 நவம்பர் 4, 5 தேதிகளில் குண்டுவீச்சில் ஸோலிங்கனின் பழைய நகரம் அழிந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் 16 வயதுப் பையன்களையும் மக்கள் படையில் சேர்க்கும் ஆணை அறிவிக்கப்பட்டிருந்தது.

இன்று கத்தியைக் கணிப்பவருக்கு அன்றில்லாத துணைகள் உண்டு. எண்களின் பட்டியல் அச்சில் கிடைக்கிறது. உருப்பெருக்கியில் எனாமலின் கண்ணாடி ஆழமும் வெறும் வர்ணத்தின் தட்டையும் பிரிந்து தெரியும். புற ஊதா விளக்கில் போருக்குப் பின் வந்த தோல்வாரின் தையல்நூல் பெரும்பாலும் நீலவெண்மையாய் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் தேவைப்படும் அளவுக்குப் போலிகளும் பெருகிவிட்டன. ஒரு முத்திரையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. முத்திரை, வாசகம், உலோகம், உறை நான்கும் ஒரே ஆண்டைச் சொல்லவேண்டும்.

ஜெர்மனியில் இன்று நாஜி ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது, ஆய்வு, கல்வி போன்ற தேவைகளுக்கன்றி, குற்றம். விற்பனைப் படங்களில் வில்லையை மறைத்தே காட்டுகிறார்கள். 2008 முதல் 12 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான நிலையான அலகை, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்லக் கூடாது. சிறுவர் கத்தியின் அலகு சுமார் 14 சென்டிமீட்டர். 2024 ஆகஸ்டில் ஸோலிங்கனின் 650ஆம் ஆண்டு விழாவில் மூவர் கத்திக்குப் பலியானபின், பொது விழாக்களில் கத்தி கொண்டுசெல்வதற்கே தடை வந்தது. அன்று பத்து வயதுக் குழந்தைக்கு அரசே விரும்பி அணிவித்ததை, இன்று பெரியவரும் காரணம் சொல்லாமல் சுமக்க முடியாது. அந்தத் தடையை நான் முழுமனதாக வரவேற்கிறேன்.

போருக்குப் பின் இதே வடிவக் கத்தி சாரணர்களுக்காக மீண்டும் வந்தது; சாய்சதுர வில்லையில் இப்போது அல்லி மலர். அதோடு இன்னொரு வகையும் உண்டு: உரியவரே வில்லையைப் பிடுங்கியோ, சின்னத்தை அரத்தால் தேய்த்தோ வைத்துக்கொண்டு, சமையலறையிலும் தோட்டத்திலும் பயன்படுத்தியவை. குறையற்ற கத்தியே சந்தையில் விலைபோகும், தேய்த்தது மலிவு. என் சேகரிப்பில் முதலிடம் தேய்த்ததற்குத்தான். முத்திரை ஒரு கத்தி பிறந்த ஆண்டைச் சொல்லும்; அரத்தின் கோடுகள், அதை வைத்திருந்தவர் அந்தச் சின்னத்தோடு இனி வாழ விரும்பாத ஒரு நாள் வந்ததைச் சொல்கின்றன.