நாற்சந்தியில் ஒரு வட்டம்

ஊர்ச் சாலை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறது. லாரி வேகமாக வருகிறது. சைக்கிளும் மாட்டு வண்டியும் மெதுவாகக் கடக்கின்றன. மோதினால் உயிர் போய்விடும். இதைத் தடுக்க முடியுமா?

முடியும். அதற்கு ஒரு வழி ரவுண்டானா.

ரவுண்டானா என்றால் என்ன?
சந்திப்பின் நடுவில் வட்டமான ஒரு மேடை கட்டுவார்கள். எல்லா வண்டிகளும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

என்ன நன்மை?
வளைந்து போவதால் வேகம் குறையும். நேருக்கு நேர் மோதுவது குறையும். சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் முட்டிக்கொள்ள 32 இடங்கள் உண்டு. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 இடங்கள்தான்.

எப்படிப் போவது?
நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். நுழையும் முன் வலப்பக்கம் பாருங்கள். ஏற்கெனவே சுற்றி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதி இதைச் சொல்கிறது.

வட்டம் மட்டும் போதாது. தூரத்திலேயே அறிவிப்புப் பலகை வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால், வேகமாக வரும் வண்டி மேடையிலேயே மோதும்.

உங்கள் ஊர்ச் சந்திப்பில் அடிக்கடி விபத்து நடக்கிறதா? கிராம சபையில் பேசுங்கள். தீர்மானம் போடுங்கள். நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!