பச்சை நீர் தெளிவது எப்படி?

ஜெயங்கொண்டத்தின் சித்திரை வெயிலில், திறந்த தொட்டி நீர் சில நாட்களிலேயே பச்சையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முற்றத்தில் வைக்கும் நீச்சல் தொட்டிக்கும் இதே கதிதான். அந்நீரைத் துணியில் வடிகட்டினாலும் பச்சை நிறம் போவதில்லை. ஏன்?

நீரைப் பச்சையாக்கும் பாசிகளில் பல, ஒற்றைச் செல் உயிர்கள். அவற்றின் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குதான். துணியின் கண்களில் மட்டுமல்ல, வடிகட்டியின் மணல் இடுக்குகளிலும் அவை நழுவிவிடும். எளிதில் அடியில் படிவதும் இல்லை. ஸ்டோக்ஸ் விதிப்படி, நுண்துகள் நீரில் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும்.

அப்படியானால் துகளைப் பெரிதாக்க வேண்டும்! பாசிச் செல்கள் எதிர் மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்குகின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியத்தின் நேர் மின்னேற்றம் இந்த விலக்கத்தைத் தணிக்கிறது. செல்கள் ஒட்டித் திரள்கின்றன. விட்டம் 10 மடங்கானால், அடர்த்தி மாறாதவரை, படியும் வேகம் 100 மடங்காகும். மணலிலும் திரள் சிக்கிக்கொள்ளும். நம் முன்னோர் கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இதற்காகவே. சென்னைக்காக 2007-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் திறனுள்ள செம்பரம்பாக்கம் நிலையத்திலும் முதலில் திரட்டல், பிறகே மணல் வடிகட்டல்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பச்சை நீர் எடுத்து, ஒன்றில் மட்டும் சிறிது படிகாரம் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள்.

ஆனால் அதைக் குடித்துவிடாதீர்கள்! கிருமிகளை அழிக்கக் குளோரின் வேண்டும்; பாசி மீண்டும் வளராதிருக்க வெயில் படாத மூடி வேண்டும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது.