சடுகுடுவில் 7 பேர் அரண்! 3 பேர் அரண்!

பொங்கல் வந்தால் போதும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் சடுகுடு களைகட்டிவிடும்!

எல்லார் கண்ணும் பாடிப் போகிறவன் மேல்தான் இருக்கும். ஆனால் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? பிடிக்கிறவர்கள் நிற்கும் விதத்தில்!

7 பேரும் இருந்தால், இரண்டு ஓரங்களிலும் இருவர் இருவராகக் கைகோத்து நிற்பார்கள். நடுவில் 3 பேர். ஓரத்து ஆள் காலைப் பிடிப்பான். மற்றவர்கள் ஓடிவந்து அமுக்குவார்கள். எமகாதகனும் தப்புவது கஷ்டம்.

ஆனால் ஓர் ஆபத்து. அவன் திமிறிப் போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட்! 5 பேர் பிடித்திருந்தால் 5 பேரும் வெளியே போகவேண்டியதுதான்.

3 பேர் மட்டும் மிஞ்சினால்? பெரும்பாலும் ஓரத்துக்கு ஒருவர், நடுவில் ஒருவர். கைகோக்க ஆள் இல்லை. எங்கு பார்த்தாலும் சந்து! பலவீனமான அரண்தான். ஆனால் 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் இதற்கு ஒரு பரிசு உண்டு. 3 பேரோ, அதற்கும் குறைவானவர்களோ பிடித்துவிட்டால் 1 புள்ளிக்குப் பதில் 2 புள்ளி!

பிடியின் பலத்தை இந்தியா 2018-ல் ஜகார்த்தாவில் பார்த்தது. ஆசிய விளையாட்டில் 1990 முதல் ஆண்கள் கபடித் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. ஈரானின் இடது ஓரத்து ஆள் பாசெல் அத்ராச்சலி. புரோ கபடியில் நம் வீரர்களோடு ஆடிப் பழகியவர்தான் அவர்!