கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்னறிதல்

டாக்குரியாவிலிருந்து ஹாஸ்ரா வெகு தொலைவன்று. அங்குள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்து வைத்தவர், மேரி கியூரி அம்மையாரின் மகளாகிய ஐரீன் ஜோலியோ-கியூரி. பின்னாளில் கொல்கத்தா, மும்பை, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடத்தப்பெற்று, அதன் முடிவுகள் 2004-இல் வெளியாயின. அவர்களுக்குச் செய்தது ஹெச்.பி.வி. எனும் வைரசைத் தேடும் சோதனை. இந்நோய்க்கு அவ்வைரசே காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

வைரசைக் கண்டுபிடிப்பது இன்று அரிய செயலன்று. இடர் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. இவ்வைரசு பெரும்பாலோரிடம் வந்த விருந்தாளி போல ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும். சிலரிடமே தங்கிப் புற்றாக மாறும். அந்தச் சிலர் யார்? எல்லோருக்கும் திசுவை வெட்டி எடுத்துவிடலாமே எனில், இனிமேல்தான் பிள்ளை பெறவிருக்கும் பெண்ணுக்குக் குறைப்பிரசவம் நேரும் அபாயம் கூடும். உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கோ பயின்ற கண் வேண்டும். காடி தடவிப் பார்க்கும் எளிய முறையும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அதனால் இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது. பெருமைப்படத் தக்க செய்திதான். ஆயினும் மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் அம்முறை சரிவர உதவுவதில்லை.

இங்கேதான் மெதில் குறி துணைக்கு வருகிறது. தமிழ் படித்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. 'க' என்ற எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் எழுத்து அதேதான். உயிரோசை மட்டும் போய்விடுகிறது. டி.என்.ஏ.யிலும் அவ்வாறே. சைட்டோசின் என்னும் எழுத்தின்மீது மெதில் என்ற சிறு கூட்டணு ஒட்டுகிறது. எழுத்து மாறவில்லை, ஆனால் மரபணு ஊமையாகிவிடுகிறது. உயிரணு கட்டின்றிப் பெருகாமல் காக்கும் மரபணுக்கள் இவ்வாறு ஊமையானால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. எஃப்.ஏ.எம்.19ஏ4, மிர்124-2 என்ற இரண்டையும் இதற்கென ஆராய்ந்திருக்கின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத புள்ளியைப் படிப்பது எப்படி? பைசல்பைட் என்னும் உப்பு, புள்ளியில்லாத சைட்டோசினை வேறெழுத்தாக மாற்றிவிடும், புள்ளியுள்ளதை விட்டுவிடும். பிறகு பி.சி.ஆர். முறையில் பெருக்கினால் எது எஞ்சியது என்பது தெரிந்துவிடும். அழகான தந்திரம்! ஆனால் அந்த உப்பு டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாகச் சிதைக்கவும் செய்யும். எனவே கைதேர்ந்த ஆய்வகம் வேண்டும், செலவும் உண்டு.

நெதர்லாந்தில் வைரசு இருந்தும் மெதில் குறி இல்லாத பெண்களைப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்தனர். அவர்களிடையே புற்றுநோய் மிகக் குறைவாகவே தோன்றியது. அத்தகையோரை வெட்டாமல் காத்திருக்கலாம் என்ற துணிவு மருத்துவருக்கு இதனால் பிறக்கிறது. நம் நாட்டுக்கு முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று: பெண் தானே வீட்டில் எடுத்துத் தரும் மாதிரியிலேயே வைரசையும் மெதிலையும் பார்க்க இயலும். 2019-21 குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு இருவர்கூட இச்சோதனையைச் செய்துகொண்டதில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர், மேற்கு வங்கத்திலோ ஒருவர்கூட இல்லை.