சரக்கு நின்றது, கம்பெனி நிற்கவில்லை

ஜெர்மனியின் பிரெமன் நகரில் கார்ல் போர்க்வார்டு தயாரித்த கார் 'இசபெல்லா கூப்பே'. 1957-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, 1,500 சி.சி. எஞ்சின், 75 குதிரைத் திறன். அந்நாளில் ஓட்டியவர்கள் இன்றும் அதன் அழகையும் உழைப்பையும் மறக்கவில்லை. கூடவே அவர்கள் மறக்காத ஆண்டு 1961. அவ்வாண்டுதான் கம்பெனி நொடித்தது.

நல்ல சரக்கு இருந்தும் ஏன் இந்த நிலை? போர்க்வார்டு, கோலியாத், லாயிடு என ஒரே முதலாளிக்கு மூன்று கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொள்முதல், தனித்தனி வடிவமைப்பு. கார் வகைகள் பெருகின, கடனும் பெருகியது. அமெரிக்காவில் விற்பனை சரிந்ததும் கைரொக்கம் வறண்டது.

ஆனால் சொத்து இருந்தது. அதை விற்றுக் கணக்கு முடித்தபோது, கடன் கொடுத்தவர்களுக்குப் பாக்கி முழுவதும் கிடைத்தது. அதைப் பார்க்கப் போர்க்வார்டு இல்லை; 1963-இல் காலமானார்.

கார் உரிமையாளர்களோ கைவிடவில்லை. சங்கம் அமைத்து, உதிரி பாகங்களைத் தேடிச் சேர்த்தும் புதிதாகச் செய்வித்தும் வண்டிகளைக் காத்து வருகிறார்கள்.

வணிகப் பெருமக்களே! சரக்கு நயமாக இருந்தால் வாடிக்கையாளர் நம் பெயரைக் காப்பாற்றுவார். கடையைக் காப்பாற்ற வேண்டியது நம் கொள்முதல் கணக்கும் கல்லாவில் உள்ள ரொக்கமும்தான்.